அப்பாவுக்கு அனுப்பின ஃபில்டர்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. வேலை, ஆடிட்டு, அது இதுன்னு காரணம் சொல்லலாம். உண்மையான காரணம் சோம்பேறித்தனம்தான் :-) ஆனா இதை எழுதாம இருக்க முடியலை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அக்கா மகன் இங்க அகமதாபாத்துல வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகுது. 24 வயசு. ஞாயித்துக்கிழமை ஆனா மணிநகர்ல இருக்கற எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்துடுவான். வாரம் பூரா ரொட்டியும் தாலும் சாப்பிடற பையன், புளிக்குழம்பையும் சுட்ட அப்பளத்தையும் பார்த்தா அவன் முகமே மாறிடும். அன்னைக்கும் வந்தான், ஒரு பிடி பிடிச்சான். கை கழுவினதும், "மாமா, அஞ்சு நிமிஷத்துல வாரேன்"ன்னு கீழே இறங்கிப் போனான்.

மோருக்குத் தயிர் இல்லைன்னு வீட்டம்மா சொன்னதால நானும் பின்னாடியே இறங்கினேன். தெருமுனையில ஒரு பான் கல்லா. (குஜராத் பக்கம் வராதவங்களுக்கு: இங்க கல்லான்னா பெட்டிக்கடை. நம்ம ஊர்ல மாதிரி காசுப் பெட்டி இல்லை. வந்த புதுசுல "கல்லாப் பக்கம் நில்லு"ன்னு ஒருத்தர் சொல்லி நான் ரொம்பக் குழம்பியிருக்கேன்.) மருமகப்பிள்ளை அங்க நின்னு சிகரெட் குடிச்சிட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னாடி மறைச்சான். அப்புறம் மறைச்சு என்ன ஆகப்போகுதுன்னு தோணியிருக்கும், கையை முன்னாடி கொண்டு வந்தான்.

"பயப்படாதீங்க மாமா. ஃபில்டர் இருக்கு."

சிகரெட் நேரா வாயில இல்லை. ஒரு குழல்ல செருகியிருந்தது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். கெட்டியான காகிதத்தை உருட்டி ஒட்டின குழல். ஒரு முனையில சிகரெட்டைச் செருகணும், மறு முனையை வாயில வைக்கணும், நடுவுல வெள்ளையா பஞ்சு மாதிரி ஒரு ஃபில்டர். ஒரு சிகரெட்டுக்கு ஒண்ணு. முடிஞ்சதும் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்.

"சிகரெட்டுல ஒரு ஃபில்டர், இதுல ஒரு ஃபில்டர். டபுள் மாமா. பேப்பர்தான், பிளாஸ்டிக் கூட கிடையாது." அப்புறம் குழலைச் சிகரெட்டுல இருந்து உருவி, ஃபில்டரை என்கிட்ட காட்டினான். நடுவுல பழுப்பா ஒரு வட்டம். "பாருங்க, இம்புட்டும் நெஞ்சுக்குள்ள போயிருக்கும்."

அந்த நிமிஷம் எனக்குத் தயிரு, மோரு எல்லாம் மறந்து போச்சு. ஏன்னா அதே வாக்கியத்தை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்ல, 2007 பொங்கல் சமயத்துல எங்க அப்பா என்கிட்ட சொன்னார். அவருக்கு அந்தக் குழலை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

*

எங்க அப்பா கணக்கு வாத்தியார். திருநெல்வேலி பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. எங்க ஊரு பீடி சுத்தற ஊரு, தெருவுக்கு நாலு வீட்டுல முறத்தை மடியில வச்சுக்கிட்டு அக்காமாருங்க இலை வெட்டிக்கிட்டிருப்பாங்க. அப்பா காலேஜ் படிக்கையில பீடியிலதான் ஆரம்பிச்சாராம். வேலை கிடைச்சதும் பீடியை விட்டுட்டு ஃபில்டர் வச்ச சிகரெட்டுக்கு மாறினார். "பீடி நெஞ்சைக் கெடுக்கும், இதுல பஞ்சு இருக்கு"ன்னு சொல்வார். அதுவே ஒரு முன்னேற்றம்னு அவருக்கு நினைப்பு. பசங்க கண்ணுல படக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல தொடமாட்டார். சாயங்காலம் வாய்க்கால் பக்கம் போய்த்தான்.

2006ல 58 வயசு, ஓய்வு பெற்றார். அதுவரைக்கும் பள்ளிக்கூட மணிதான் அவருடைய சிகரெட்டுக்கு வேலி. அந்த வேலி போச்சு. அந்த வருஷம் மூச்சு வாங்குதுன்னு திருநெல்வேலியில ஒரு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சுத்தி வளைக்காம, "சார், இன்னைக்கே விட்டுருங்க"ன்னு சொல்லிட்டார். அம்மா போன்ல அழுதா. "நீ வந்து சொல்லுடா, நீ சொன்னா கேப்பாரு"ன்னா.

சரி, பொங்கலுக்குப் போகும்போது சொல்லிடறதுன்னு முடிவு பண்ணினேன். அப்பல்லாம் அகமதாபாத்துல இருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ்ல சென்னை, அங்கிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். வழி பூரா என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பார்த்துக்கிட்டே போனேன். "அப்பா, எங்களுக்காக விட்டுருங்க." "அப்பா, பேரன் பேத்தியைப் பாக்க வேண்டாமா?" ஒவ்வொண்ணும் சினிமா வசனம் மாதிரி இருந்தது.

என் பையில இன்னொரு பொருளும் இருந்தது. எங்க கம்பெனிக்கு மெஷின் நிறுவ வந்திருந்த ஒரு வெளிநாட்டு இஞ்சினியர் காகிதக் குழல்ல சிகரெட் குடிப்பார். கேட்டதுக்கு ஒரு பாக்கெட்டை எடுத்து என் கையிலேயே கொடுத்துட்டார். அப்புறம் இங்க பழைய நகரத்துக்குள்ள ஒரு கடையில அதே மாதிரி சாமான் கிடைக்குதுன்னு கண்டுபிடிச்சு, ரெண்டு டப்பா வாங்கி வச்சிருந்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்னைக்குச் சாயங்காலம். அப்பா திண்ணையில உட்கார்ந்திருக்கார். நான் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். தொண்டை வரைக்கும் வந்த வார்த்தை அங்கேயே நின்னு போச்சு. எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த மனுஷர்கிட்ட நான் எப்படிப் புத்தி சொல்ல? பைக்குள்ள கையை விட்டு அந்த டப்பாவை எடுத்து நீட்டினேன். "அப்பா, இதுல வச்சுக் குடிங்க. ஃபில்டர் இருக்கு, கெடுதல் கம்மி."

அவருக்கு என்ன சந்தோஷம் தெரியுமா! மறுநாள் காலையில என்னைக் கூப்பிட்டு ஃபில்டரைக் காட்டினார். "ஏல, பாத்தியா? இம்புட்டும் நெஞ்சுக்குள்ள போயிருக்கும்லா!" அவர் கண்ணுல நிம்மதி. எனக்கும் நிம்மதி. நல்ல பிள்ளையா ஒரு காரியம் பண்ணிட்டோம்னு நினைச்சேன்.

அம்மா மட்டும் அடுப்படியில இருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா. "விடச் சொல்லுவேன்னு பாத்தா, நீ குடிக்கச் சாமான் வாங்கிட்டு வந்து குடுக்க."

நான் அதைக் காதுலயே வாங்கலை. அதுக்கப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் டப்பா டப்பாவா வாங்கிட்டுப் போனேன். பார்சல்லயும் அனுப்பினேன். ஒரு நாளைக்குப் பன்னெண்டா இருந்த சிகரெட் பதினைஞ்சு ஆச்சுன்னு அம்மா சொன்னா. "அதான் ஃபில்டர் இருக்கே"ன்னு அப்பா பதில் சொன்னாராம்.

*

இதுல வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. என் பிழைப்பே ஃபில்டர்தான். மருந்து கம்பெனியில சுத்தமான அறைகளுக்குக் காத்து வடிகட்டற ஹெப்பா ஃபில்டர்களைச் சோதிக்கிற வேலை. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்கள்ல 99.97 சதவீதத்தைப் பிடிச்சாத்தான் அது ஹெப்பா. ஃபில்டரைப் பொருத்தினதும் முன் பக்கம் எண்ணெய்ப் புகை மாதிரி ஒண்ணை விடுவோம். பின் பக்கம் ஒரு கருவியை வச்சு அங்குலம் அங்குலமா நகர்த்தி, எவ்வளவு தாண்டி வருதுன்னு அளப்போம்.

கவனிங்க, அளக்கறது பின் பக்கம். ஃபில்டர்ல எவ்வளவு அழுக்கு ஒட்டியிருக்குன்னு பார்த்து எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போடமாட்டார். "சார், பாருங்க எவ்வளவு கறுப்பாயிருக்கு, நல்லா வேலை செய்யுது"ன்னு நான் சொன்னா என்னை வேலையை விட்டே அனுப்பிடுவாங்க. ஒட்டினது எவ்வளவுங்கறது வேற கேள்வி. தாண்டிப் போனது எவ்வளவுங்கறதுதான் கேள்வி.

சிகரெட் ஹோல்டர்ல பின் பக்கம்னா அது அப்பாவோட நுரையீரல். அங்க கருவி வைக்க முடியாது. அதனால முன் பக்கத்துக் கறையைப் பார்த்து அப்பா கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன்.

சிகரெட் புகையில இருக்கற துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. உறிஞ்சினா புகை சுலபமா வரணும், இல்லாட்டி யாரும் குடிக்கமாட்டாங்க. அதனால சிகரெட் ஃபில்டரை அவ்வளவு நெருக்கமா செய்யவே முடியாது. கார்பன் மோனாக்ஸைடோ வாயு. ரத்தத்துல ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்துல போய் உட்கார்ந்துக்கறது அதுதான். அந்தப் பஞ்சுல கறையா ஒட்டறதுக்கு அது துகள் கிடையாது, பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்.

*

அப்பா போனதுக்கப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க வயிறு எரிஞ்சது.

சிகரெட் குடிச்சா நுரையீரல் புற்றுநோய் வருதுன்னு 1950ல பிரிட்டன்ல ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ரெண்டு பேரும், அமெரிக்காவுல விண்டர், கிரஹாம் ரெண்டு பேரும் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டாங்க. ஜனங்க பயந்தாங்க. அந்தப் பயத்துக்குக் கம்பெனிகள் கொடுத்த பதில்தான் ஃபில்டர் சிகரெட். அமெரிக்காவுல கெண்ட்னு ஒரு பிராண்டு, 1952ல இருந்து 1956 வரைக்கும் அதோட ஃபில்டர்ல வச்சது என்ன தெரியுமா? கல்நார். ஆமாங்க, ஆஸ்பெஸ்டாஸ். அதைத்தான் பாதுகாப்புன்னு விளம்பரம் பண்ணினாங்க.

இன்னொண்ணு இருக்கு, அதைப் படிச்சப்போ நான் நாற்காலியை விட்டு எழுந்துட்டேன். 1953ல ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனி வேதியியலாளர் கிளாட் டீக் ஒரு யோசனை எழுதி வச்சிருக்கார். புகை பட்டா நிறம் மாறற பொருளை ஃபில்டர்ல சேர்த்தா, குடிக்கிறவங்க கண்ணுக்கு அது நல்லா வடிகட்டற மாதிரி தெரியும். வடிகட்டற திறன் அப்படியே இருந்தாலும் பரவாயில்லை, வாங்கறவங்களுக்கு அது பிடிக்கும். கம்பெனிகளோட உள் ஆவணங்கள் வழக்குகளால வெளியே வந்தப்போ இதுவும் வெளியே வந்தது.

அதாவது, எங்க அப்பா திண்ணையில உட்கார்ந்து என்கிட்ட காட்டின அந்தப் பழுப்பு வட்டம், அவருக்கு அஞ்சு வயசா இருக்கும்போதே ஒருத்தர் மேஜையில விற்பனை யோசனையா இருந்திருக்கு.

ஃபில்டர் வந்தப்புறம் குடிக்கிறவங்க என்ன பண்ணினாங்கன்னும் பார்த்திருக்காங்க. தார், நிகோடின் அளவை மெஷின்ல அளப்பாங்க. மெஷின் நிமிஷத்துக்கு ஒரு தடவை, 2 விநாடி, 35 மில்லி உறிஞ்சும். மனுஷன் மெஷின் இல்லையே. அவன் உடம்பு கேக்கறது நிகோடின். அது குறைஞ்சா இன்னும் ஆழமா இழுப்பான், கூட ரெண்டு இழுப்பு இழுப்பான், இல்லை இன்னொண்ணு பத்த வைப்பான். அதனால மெஷின் காட்டற எண்ணுக்கு அர்த்தமே இல்லைன்னு ஆகி, 2008ல அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த முறைக்குக் கொடுத்த ஒப்புதலை வாபஸ் வாங்கிடுச்சு. 2014ல அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போச்சு. 1950களுக்கு அப்புறம் சிகரெட் வடிவமைப்புல வந்த மாற்றங்களால நுரையீரல் அடினோகார்சினோமாங்கற புற்றுநோய் வகையோட ஆபத்து கூடியிருக்குன்னு சொல்லுச்சு. துளை போட்ட ஃபில்டர்களுக்கு அதுல பங்கு இருக்கலாம்னும் சொல்லுச்சு.

*

"ஒண்ணுமே இல்லாததுக்கு இது பரவாயில்லையே"ன்னு நீங்க கேக்கலாம். மருமகனும் அதைத்தான் கேட்டான். நியாயமான கேள்விதான், தட்டிக்கழிக்க மாட்டேன்.

அந்த நாருல கொஞ்சம் தார் ஒட்டத்தான் செய்யும், கறை பொய்யில்லை. சரி, பேச்சுக்குப் பாதி குறையுதுன்னே வச்சுக்குவோம். பாதி விஷம்னா பாதி ஆபத்துன்னு மனசு கணக்கு போடும். உடம்பு அந்தக் கணக்கைப் போடறதில்லை. 2018ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்தது. நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் குடிக்கிறவங்களுக்கு, 20 குடிக்கிறவங்களுக்கு வர்ற கூடுதல் இதய நோய் ஆபத்துல கிட்டத்தட்ட பாதி இருக்காம். இருபதுல ஒரு பங்கு குடிச்சா இருபதுல ஒரு பங்கு ஆபத்துன்னு நினைச்சா, கிடைக்கறது பாதி. கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லியிருந்தா அவர் நிச்சயமா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். நான்தான் சொல்லலை, எனக்கே தெரியாது.

அதோட, "ஒண்ணுமே இல்லாதது"ன்னு நாம எதைச் சொல்றோம்? ஹோல்டர் இல்லாத சிகரெட்டை மட்டும்தான் பக்கத்துல வச்சு ஒப்பிடறோம். சிகரெட்டே இல்லாத நாளை யாருமே ஒப்பிடறதில்லை. அந்த டப்பாவைக் கையில கொடுத்த உடனேயே அந்த நாள் பேச்சுல இருந்து காணாமப் போயிடுது. எங்க வீட்டுல அப்படித்தான் போச்சு.

ஹோல்டர்தான் அப்பாவைக் கொன்னதுன்னு நான் சொல்லலை, அது அபாண்டம். கொன்னது சிகரெட். டாக்டர் "இன்னைக்கே விட்டுருங்க"ன்னு சொன்னப்போ அவர் மனசுல ஒரு பயம் வந்தது. அந்தப் பயத்தைத்தான் என் ஹோல்டர் கொன்னது.

*

அடுத்து அந்த "பேப்பர்தான் மாமா" விஷயம். மருமகன்கிட்ட இருந்து ஒரு குழலை வாங்கிட்டு மேலே வந்தேன். வெளியே சுத்தியிருக்கறது பேப்பர்தான், ஒத்துக்கறேன். உள்ளே இருந்த அந்தப் பஞ்சைப் பிய்ச்சு, வீட்டம்மாவோட நகப்பூச்சு அழிக்கற அசிட்டோன் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தி, அதுல போட்டேன். பேப்பரோ பருத்திப் பஞ்சோ அசிட்டோன்ல கரையாது. இது கொழகொழன்னு ஆகி, கொஞ்ச நேரத்துல காணாமப் போச்சு. மருமகன் வாயைப் பொளந்துட்டுப் பார்த்தான். ("என் கிண்ணத்தைக் கழுவி வைங்க"ன்னு உள்ளே இருந்து குரல் வந்தது வேற கதை.)

அது செல்லுலோஸ் அசிடேட். மரக்கூழ்ல இருந்து ஆரம்பிச்சு ரசாயனத்தால பிளாஸ்டிக்கா மாத்தின நார். பெரும்பாலான சிகரெட் ஃபில்டர்கள்ல இருக்கறதும் இதுதான். பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும், மக்கறதுக்கு வருஷக்கணக்காகும். நம்ம நாட்டுல 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக் சாமான்கள் சிலதுக்குத் தடை வந்ததே, அந்தப் பட்டியல்ல சிகரெட் பாக்கெட்டைச் சுத்தற மெல்லிய உறை இருக்கு. உள்ளே இருக்கற ஃபில்டர் இல்லை! உறையைத் தடுத்தாச்சு, உள்ளே இருக்கறதை விட்டாச்சு. இந்த ஹோல்டரால ஒரு சிகரெட்டுக்கு ரெண்டு ஃபில்டர் தெருவுக்கு வருது.

சட்டத்துல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. 2003ல வந்த புகையிலைச் சட்டத்தோட அட்டவணையில சிகரெட், சுருட்டு, பீடி, மூக்குப்பொடி, குட்கா எல்லாம் இருக்கு. ஹோல்டர்ல புகையிலை இல்லை, அதனால அது இல்லை. சிகரெட் பாக்கெட்டுல 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் போட்டாகணும். பக்கத்துலயே இருக்கற ஹோல்டர் டப்பா பளிச்சுன்னு, பச்சை இலை படத்தோட, மூலிகை மருந்து மாதிரி சிரிக்குது.

குஜராத் அரசு 2025 டிசம்பர்ல ரோலிங் பேப்பர், "கோகோ" கூம்பு, "பெர்ஃபெக்ட் ரோல்" விக்கறதுக்குத் தடை போட்டது. பசங்க கஞ்சா, சரஸ் குடிக்க அதைப் பயன்படுத்தறாங்கங்கறது காரணம். நல்லதுதான். ஆனா நான் கேக்கறது தடை கூட இல்லை. புகையை வடிகட்டறேன்னு சொல்லி ஒரு பொருளை வித்தா, அந்த டப்பாவுலயும் அதே படத்தைப் போடு. கெடுதல் குறையும்னு அட்டையில எழுதினா, பின் பக்கம் அளந்து காட்டு. மருந்து கம்பெனியில எங்களைக் கேக்கற கேள்வியை அவங்களையும் கேளு. அவ்வளவுதான்.

*

நம்மளை மாதிரி வெளியூர்ல இருக்கறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு.

நாம அன்பைப் பார்சல்ல அனுப்பறவங்க. அம்மாவுக்கு முட்டி வலியா, ஒரு முட்டிப் பட்டை. அப்பாவுக்கு பி.பி.யா, ஒரு மெஷின். தூக்கம் வரலையா, ஒரு மெத்தை. பக்கத்துல இருந்து பார்க்க முடியலைங்கற குத்தவுணர்ச்சிக்கு ஒவ்வொரு பார்சலும் ஒரு ரசீது. தப்பில்லை. ஆனா சில விஷயங்களுக்குப் பொருள் கிடையாது, வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு. வருஷத்துக்குப் பத்து நாள் ஊருக்குப் போறோம், அந்தப் பத்து நாள்ல சண்டை எதுக்குன்னு நல்ல பிள்ளையா இருந்துட்டு வந்துடறோம். நான் அப்படித்தான் இருந்தேன், எட்டு வருஷம்.

2013ல அப்பாவுக்கு மாடிப்படி ஏற முடியலை. நுரையீரல் அடைப்பு நோய்னு சொன்னாங்க. அப்பதான் விட்டார். 2015ல போய்ச் சேர்ந்தார், 67 வயசு.

ரிச்சர்ட் டால் பிரிட்டிஷ் டாக்டர்களை 50 வருஷம் பின்தொடர்ந்து 2004ல ஒரு முடிவு வெளியிட்டார். சிகரெட் குடிக்கிறவங்க சராசரியா 10 வருஷம் இழக்கறாங்க. 30 வயசுல விட்டா அந்தப் பத்தும் கிட்டத்தட்ட திரும்பக் கிடைக்கும். 40ல விட்டா 9 வருஷம், 50ல விட்டா 6, 60ல விட்டாக் கூட 3.

நான் டப்பாவை நீட்டின அன்னைக்கு அப்பாவுக்கு 58 முடிஞ்சிருந்தது. சராசரிக் கணக்குதான், ஒவ்வொருத்தருக்கும் பொருந்தாது, எனக்குத் தெரியும். நான் கேட்டிருந்தா அவர் விட்டிருப்பாருன்னும் உத்தரவாதம் இல்லை. ஆனாலும் மனசு கேக்க மாட்டேங்குது. மூணு வருஷம். என் மக 2017ல பிறந்தா.

மருமகனுக்கு 24. அவனுக்கு முழுசாப் பத்து வருஷம் காத்துக்கிட்டிருக்கு. அதை அவன்கிட்ட சொன்னேன். தாத்தாவோட டப்பா கதையையும் சொன்னேன், இதுவரைக்கும் எங்க அக்காவுக்குக் கூட அது தெரியாது. சினிமா வசனம் எல்லாம் வரலை. "விட்டுரு மாப்ளே, தனியா முடியலைன்னா நான் கூட வாரேன்"ன்னு மட்டும் வந்தது. இதைச் சொல்ல எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கு.

தேசிய புகையிலை நிறுத்த உதவி எண்ணையும் அவன் போன்ல ஏத்தி விட்டேன்: 1800-11-2356. சிகரெட் பாக்கெட் மேலேயே அச்சடிச்சிருக்கும். இந்தி தெரியலையேன்னு தயங்க வேண்டாம், இந்தச் சேவைக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ்ல ஒரு மையம் உண்டு, தமிழ்லயும் பேசலாம்.

அவன் உடனே டப்பாவைக் குப்பையில வீசினான்னு எழுதினா கதை நல்லா முடியும். அப்படி நடக்கலை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துட்டிருந்தான். "பாக்கேன் மாமா"ன்னான். டப்பாவைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவியான்னு கேட்டேன். வாரேன்னான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, ஃபில்டர் சோதிக்கிறவன். மூச்சு வாங்கினா டாக்டர்கிட்ட போங்க. அவர் விடச் சொன்னா விடுங்க. உங்க பிள்ளை ஊர்ல இருந்து ஏதாவது சாமான் வாங்கிட்டு வந்து நீட்டினா, "இது கிடக்கட்டும், நீ என்கிட்ட என்ன சொல்ல வந்த?"ன்னு கேளுங்க.